வறண்ட கிணற்றிலும் வாளியை இறக்கியவர்



தியானம் முடிந்து வீடு திரும்பும் நாளில் நம் உள்ளம் எப்படி இருக்கும் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. பாடல் தானாக வாயில் வருகிறது. பகைத்தவரையும் மன்னிக்கத் தோன்றுகிறது. நாள்தோறும் விவிலியம் வாசிப்போம், குடும்ப செபத்தை ஒருநாளும் விடமாட்டோம் என்று உறுதி எடுக்கிறோம். இரண்டு வாரம் கழிகிறது. அதே செபமாலை கையில் கனக்கிறது. வாய் சொல்கிறது, மனம் எங்கோ அலைகிறது. சில மாதங்களில் அந்தப் பழக்கமே நின்றுபோகிறது. இதற்கிடையில் ஏதோ ஒரு பாவத்தில் விழுந்துவிட்டால், இனி எந்த முகத்தோடு ஆண்டவர் முன் போய் நிற்பது என்ற வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. அந்த வெட்கம் நம்மை முதலில் கோயிலின் கடைசி வரிசைக்கும், பிறகு கோயிலுக்கு வெளியேயும் கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

இந்த வழியில் நாம் மட்டும் நடக்கவில்லை. செபத்தின் ஆசிரியை என்று திருச்சபை போற்றும் ஒரு புனிதையும் இதே வழியில் நடந்திருக்கிறார். ஒரு கட்டத்தில் செபத்தையே விட்டுவிட்டிருக்கிறார். அவர்தான் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 15 அன்று நாம் விழா எடுக்கும் புனித அவிலா தெரேசா. காட்சிகள் கண்டவர், மடங்கள் பல நிறுவியவர் என்று அவரை நாம் அறிவோம். அந்தக் காட்சிகளுக்கு முன்பு அவர் கடந்து வந்த நீண்ட வறட்சியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இன்று அதைச் சற்று சிந்திப்போம்.

சூடான தொடக்கம்

ஸ்பெயின் நாட்டில், மதில் சூழ்ந்த நகரம் அவிலா. 1515 மார்ச் 28 அன்று அலோன்சோ, பெயாத்ரிஸ் தம்பதியரின் மகளாகத் தெரேசா பிறந்தார். சிறு வயதிலேயே பக்தி அவரிடம் பொங்கி வழிந்தது. ஏழு வயதளவில், அண்ணன் ரொட்ரிகோவை அழைத்துக்கொண்டு, கிறிஸ்துவுக்காகத் தலை வெட்டுப்பட்டு வேதசாட்சியாக மரிக்கலாம் என்று வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார். ஊர் எல்லையில் உறவினர் ஒருவர் இருவரையும் பிடித்து வீடு சேர்த்தார். விண்ணகத்தை விரைவில் வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம் அந்தக் குழந்தைக்கு.

தாய் இறந்தபோது அன்னை மரியாவின் சுரூபத்தின் முன் விழுந்து, இனி நீரே என் தாயாக இருக்க வேண்டும் என்று அழுது வேண்டினார். ஆனால் வளர வளர வீரசாகசக் கதைப் புத்தகங்களிலும், நகையிலும், வாசனைத் தைலத்திலும், உறவுக்காரப் பிள்ளைகளின் அரட்டையிலும் மனம் போயிற்று. தந்தை அவரைப் புனித அகுஸ்தீன் சபைக் கன்னியர் நடத்திய மடத்தில் தங்கிப் படிக்க அனுப்பினார். அங்கே பழைய பக்தி மெல்லத் திரும்பியது.

1535 நவம்பர் 2 அன்று, 20 வயதில், தந்தையின் சம்மதம் இல்லாமலேயே அவிலாவிலிருந்த கார்மேல் சபையின் மனித அவதார மடத்தில் போய்ச் சேர்ந்தார். வீட்டைவிட்டுப் புறப்பட்ட அன்று எலும்புகள் ஒவ்வொன்றாகக் கழன்று போவதுபோல் வேதனை இருந்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆனால் துறவற உடை அணிந்ததும் பெரும் மகிழ்ச்சி வந்து நிறைந்தது. தரை பெருக்குவதுகூட அவருக்கு இன்பமாயிற்று.

இந்த மகிழ்ச்சி நிலைக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். தெரேசாவும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

நோயும் தளர்ச்சியும்

மடத்தில் சேர்ந்த சில ஆண்டுகளிலேயே அவர் உடல் நலம் கெட்டது. சிகிச்சைக்காகப் போகும் வழியில், தந்தையின் உடன்பிறந்தாரான பெத்ரோ ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். பிரான்சிஸ்கன் துறவி ஒசுனா பிரான்சிஸ் எழுதிய அந்த நூல், உள்ளத்தில் அமைதியாகக் கடவுளோடு இருக்கும் மனச்செபத்தைப் பற்றியது. தெரேசா அதைத் தம் வழிகாட்டியாகக் கொண்டு செபிக்கத் தொடங்கினார். ஆழ்ந்த அமைதியின் செபத்தை அந்த இளம் வயதிலேயே சுவைத்தார்.

ஆனால் பெசேதாஸ் என்ற ஊரில் ஒரு மருத்துவச்சி கொடுத்த கடுமையான பேதி மருந்துகள் அவர் உடலைச் சிதைத்துவிட்டன. 1539 ஆகஸ்டு 15, அன்னையின் விண்ணேற்பு விழா இரவில் அவர் நினைவிழந்தார். நான்கு நாட்கள் அசைவே இல்லை. மடத்தில் அவருக்காகக் கல்லறைக் குழியும் தோண்டிவிட்டார்கள். மகள் சாகவில்லை என்று தந்தை பிடிவாதமாக நின்றதால்தான் அவரை அடக்கம் செய்யவில்லை. கண் விழித்தபோது கை கால்கள் முடங்கிப் போயிருந்தன. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அந்த நிலை. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ முடிந்தபோது அதற்கே கடவுளுக்கு நன்றி சொன்னார். பிறகு எழுந்து நடந்தார். அந்தச் சுகத்தைப் புனித சூசையப்பரின் பரிந்துரையால் பெற்றதாகக் கடைசிவரை சொல்லிவந்தார்.

இவ்வளவு பெரிய நன்மையைப் பெற்றவர் அதன்பின் செபத்தில் உறுதியாக நின்றிருப்பார் என்று எதிர்பார்ப்போம். நடந்தது வேறு.

அந்த மடத்தில் கடுமையான அடைப்பு முறை கிடையாது. 100க்கும் மேற்பட்ட கன்னியர் இருந்தனர். வெளியார் வந்து போகும் சந்திப்பு அறை எப்போதும் கலகலப்பாக இருக்கும். தெரேசா இனிமையாகப் பேசக்கூடியவர். வந்தவர்களுக்கு அவரைப் பிடித்துவிட்டது, அவருக்கும் அது பிடித்துவிட்டது. பேச்சு வளர்ந்தது, செபம் சுருங்கியது. பெரும் பாவம் எதுவும் நடந்துவிடவில்லை. ஆனால் செபிக்க முழந்தாளிட்டபோதெல்லாம் மனம் அவரைக் குத்தியது. இப்படி அலைபாய்ந்துகொண்டு ஆண்டவரோடு நெருக்கமாகப் பேசுவது வெட்கமாக இருந்தது. மற்றவர்களைப்போல வாய்ச்செபங்களை மட்டும் சொல்லிவிட்டு இருப்பதே தாழ்ச்சி என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, மனச்செபத்தை அடியோடு நிறுத்தினார். ஓராண்டுக்கும் மேலாக அப்படி இருந்தார்.

தந்தையிடம் சொன்ன சாக்கு

அந்த நாட்களில் நடந்த ஒரு நிகழ்ச்சி நம்மை நின்று சிந்திக்க வைக்கிறது. தெரேசா முன்பு தம் தந்தைக்கு மனச்செபம் செய்யக் கற்றுக்கொடுத்திருந்தார். அதற்கான புத்தகங்களையும் கொடுத்திருந்தார். முதியவரான அலோன்சோ உண்மையாகவே அதைப் பற்றிக்கொண்டு வேகமாக வளர்ந்தார். மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் செபத்தில் தாம் பெற்ற ஆறுதலைப் பகிர்ந்துகொள்வார். மகளும் தம்மைப் போலவே செபிக்கிறாள் என்பது அவர் நம்பிக்கை.

அவரை ஏமாற்ற மனமில்லாமல், நான் இப்போது செபிப்பதில்லை என்று தெரேசா ஒருநாள் ஒப்புக்கொண்டார். ஆனால் உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை. உடல்நலக் குறைவைக் காரணமாகச் சொன்னார். மகளின் நோயைக் கண்ணால் கண்டிருந்த தந்தை அதை அப்படியே நம்பி இரக்கப்பட்டார். அதன்பின் அவர் வந்தால் நீண்ட நேரம் இருப்பதில்லை. மகளைப் பார்த்துவிட்டு, வீண்பேச்சில் நேரம் போக்க மனமின்றிச் செபிக்கப் போய்விடுவார். பாதையைக் காட்டிய மகள் பாதியில் நின்றுவிட்டார். காட்டப்பட்ட தந்தை முன்னே போய்க்கொண்டிருந்தார்.

நாமும் இந்தச் சாக்குகளை அறிவோம். வேலைப்பளு, பிள்ளைகளின் படிப்பு, உடல் அலுப்பு. இவை எல்லாம் உண்மைதான். தெரேசாவின் நோயும் உண்மைதான். ஆனால் அவர் செபத்தை விட்டதற்கு அது காரணமல்ல. செபிக்க உடல் வலிமை தேவையில்லை, அன்பும் பழக்கமும் போதும் என்று பின்னாளில் அவரே எழுதினார்.

1543ஆம் ஆண்டின் இறுதியில் தந்தை நோயில் விழுந்தார். தெரேசா தாமே நோயாளியாக இருந்தும் அவர் அருகில் இருந்து பணிவிடை செய்தார். அலோன்சோ அமைதியாக, ஒரு புனிதரைப்போல மரித்தார். அவருக்கு ஆன்ம குருவாக இருந்த தொமினிக்கன் துறவி வின்சென்ட் பாரோனிடம் தெரேசா சென்று, தாம் செபத்தை விட்ட கதையை முழுவதும் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். அந்தக் குரு அவரைக் கடிந்து விரட்டவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நற்கருணை வாங்கச் சொன்னார். செபத்தை எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது, அதனால் நன்மையைத் தவிர வேறெதுவும் வராது என்று அறிவுறுத்தினார்.

தெரேசா திரும்ப முழந்தாளிட்டார். அதற்குப்பின் சாகும்வரை செபத்தை விடவில்லை.

மணி எப்போது அடிக்கும்?

திரும்பி வந்ததும் வானம் திறந்துவிட்டது என்று நாம் எண்ணிவிடக்கூடாது. அடுத்த பத்து ஆண்டுகளும் போராட்டம்தான். செபக்கூடத்துக்குள் நுழையும்போதே சோகம் வந்து கவ்வும். எந்தக் கடும் தவத்தையும் செய்துவிடலாம், இந்த ஒரு மணி நேரம் அமைதியாக இருப்பதுதான் முடியாது என்று தோன்றும். கடவுளை எண்ணுவதைவிட, நேரம் முடிந்து மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்த நாட்கள் பல உண்டு என்று அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். செபத்தின் ஆசிரியை இப்படி இருந்திருக்கிறார் என்பது நமக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

அந்த வறட்சியில் அவர் எளிய வழிகளைப் பிடித்துக்கொண்டார். கையில் ஒரு நல்ல புத்தகம் இல்லாமல் செபிக்கப் போகமாட்டார். சிலவேளை அதைத் திறந்தாலே மனம் ஒன்றும், சிலவேளை நிறைய வாசிக்க வேண்டியிருக்கும். வயலையும் தண்ணீரையும் பூக்களையும் பார்த்துப் படைத்தவரை நினைப்பார். கெத்சமனித் தோட்டத்தில் தனியாக வியர்வை சிந்திய இயேசுவின் அருகில் இருப்பதாக எண்ணிக்கொள்வார். துணைக்கு யாரும் இல்லாத அந்த வேளையில் தம்மையும் அவர் ஏற்றுக்கொள்வார் என்று நம்பினார். மனமில்லாமல் உள்ளே போன நாட்களிலும், தம்மை வற்புறுத்திக்கொண்டு இருந்துவிட்டு எழுந்தபோது அதிக அமைதி கிடைத்ததாக அவர் சொல்கிறார்.

1554ஆம் ஆண்டு. தெரேசாவுக்கு வயது 39. ஒரு விழாவுக்காகக் கொண்டுவந்து செபக்கூடத்தில் வைத்திருந்த சுரூபம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. உடலெல்லாம் காயங்களோடு இருந்த இயேசுவின் சுரூபம் அது. எத்தனையோ தடவை பார்த்த காட்சிதான். ஆனால் அன்று உள்ளம் உடைந்தது. கண்ணீரோடு தரையில் விழுந்து, இனி உம்மை நோகச் செய்யாதபடி என்னைத் திடப்படுத்தும்வரை எழுந்திருக்கமாட்டேன் என்று மன்றாடினார். அதே காலத்தில் புனித அகுஸ்தீனின் தன்வரலாறும் அவர் கைக்கு வந்தது. தோட்டத்தில் அகுஸ்தீன் மனந்திரும்பிய பகுதியை வாசித்தபோது, அந்த அழைப்பு தமக்கே வந்ததாக உணர்ந்து நெடுநேரம் அழுதார்.

முன்பும் எத்தனையோ முறை அழுதிருந்தார். இந்த முறை என்ன மாற்றம்? தம்மேல் வைத்திருந்த நம்பிக்கையை முழுவதும் விட்டுவிட்டு, கடவுள்மேல் மட்டும் வைத்ததாக அவர் சொல்கிறார். மடத்தில் சேர்ந்து ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆகியிருந்தன.

உச்சியிலும் ஓய்வில்லை

அதன்பின் செபத்தில் அவருக்குப் பெரும் அருள்கள் கிடைக்கத் தொடங்கின. அதனால் வாழ்க்கை எளிதாகிவிடவில்லை. அவர் ஆலோசனை கேட்ட நல்லவர்களே அது சாத்தானின் வேலை என்று பயமுறுத்தினார்கள். காட்சியில் தோன்றுபவரை இகழ்ந்து கைச்சைகை காட்டும்படி ஒருவர் கட்டளையிட்டார். தெரேசா நெஞ்சு வலிக்கக் கீழ்ப்படிந்தார். 1560இல் அவிலாவுக்கு வந்த புனித அல்காந்தாரா பேதுரு அவர் சொன்னதை முழுவதும் கேட்டு, இது கடவுளின் செயலே என்று உறுதிப்படுத்திய பிறகுதான் நிம்மதி கிடைத்தது.

1562 ஆகஸ்டு 24 அன்று, ஏழ்மையிலும் செபத்திலும் வாழும் சிறிய மடம் ஒன்றைப் புனித சூசையப்பர் பெயரால் அவிலாவில் நிறுவினார். நான்கு ஏழைப் பெண்கள் துறவற உடை அணிந்தனர். பல ஆண்டு கனவு நிறைவேறிய நாள் அது. ஆனால் மூன்று நான்கு மணி நேரத்துக்குள் அவர் உள்ளத்தில் இருள் சூழ்ந்தது. நான் செய்தது தவறோ, இந்தப் பெண்கள் இவ்வளவு நெருக்கடியில் தாங்குவார்களா, எல்லாம் என் மதியீனமோ என்று சந்தேகம் வாட்டியது. முன்பு கிடைத்த உறுதிகள் ஒன்றுகூட நினைவில் நிற்கவில்லை. தம் வாழ்நாளின் மிகக் கடினமான வேளைகளில் ஒன்று அது என்று எழுதியிருக்கிறார். அவர் என்ன செய்தார்? நற்கருணை நாதர்முன் போய் முழந்தாளிட்டார். இருள் விலகியது. மறுபக்கம் நகரமே அந்த மடத்துக்கு எதிராகக் கொதித்து எழுந்திருந்தது.

அவர் வாழ்நாளுக்குள் இத்தகைய 17 மடங்கள் எழுந்தன. 1572இல் செபத்தின் மிக உயர்ந்த அருளைப் பெற்றார். அடுத்த சில ஆண்டுகளிலேயே பெரும் சோதனை வந்தது. அவருடைய தன்வரலாற்று நூல் விசாரணைக்காக எடுத்துச் செல்லப்பட்டது. இனி மடங்கள் நிறுவக்கூடாது, ஒரே மடத்தில் அடங்கியிருக்க வேண்டும் என்று சபை மேலிடம் கட்டளையிட்டது. அவருக்கு வலக்கையாக இருந்த புனித சிலுவை யோவான் 1577 டிசம்பரில் பிடித்துச் செல்லப்பட்டு, டொலேடோவில் ஏறக்குறைய ஒன்பது மாதம் அடைபட்டுக் கிடந்தார். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் தெரேசா படியில் விழுந்து இடது கையை முறித்துக்கொண்டார். தலைக்குள் ஓயாத இரைச்சல் வேறு. இந்த ஆண்டில்தான், ஆன்மாவின் அகமாளிகையைப் பற்றிய தம் தலைசிறந்த நூலை ஆறு மாதத்துக்குள் எழுதி முடித்தார். சூழ்நிலை சரியாகட்டும், பிறகு கடவுளை நினைக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

1582 அக்டோபர் 4 அன்று, பயணக் களைப்பிலும் நோயிலும், அல்பா தெ தோர்மஸ் என்ற ஊரில் அவர் உயிர் பிரிந்தது. திருச்சபையின் மகளாகச் சாவதற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னபடியே மரித்தார். நாட்காட்டி திருத்தப்பட்டதால் அதன் மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. 1622இல் புனிதராகவும், 1970இல் திருத்தந்தை ஆறாம் பவுலால் திருச்சபையின் மறைவல்லுநராகவும் அறிவிக்கப்பட்டார். அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவரே.

நான்கு விதத் தண்ணீர்

செபத்தைப் பற்றி அவர் சொன்ன ஓர் உவமை நம் மண்ணுக்கு மிக நெருங்கியது. ஆன்மா ஒரு தோட்டம். செடிகளை வைத்தவர் ஆண்டவர். தண்ணீர் விடுவது நம் வேலை. கிணற்றில் வாளியை இறக்கிக் கையால் இறைப்பது ஒரு வகை. கலயங்கள் கட்டிய சக்கரத்தைச் சுற்றி இறைப்பது, கொஞ்சம் எளிதான இரண்டாம் வகை. ஆற்று நீர் வாய்க்காலில் ஓடிவந்து பாய்வது மூன்றாம் வகை. வானத்து மழை தானே பொழிவது நான்காம் வகை. அதில் நம் உழைப்பு ஒன்றும் இல்லை.

புதிதாகச் செபிக்கத் தொடங்குபவர் வாளியால் இறைப்பவர். சில நாட்களில் வாளியை இறக்கினால் வெறும் வாளிதான் மேலே வரும். கிணறே வறண்டிருக்கும். கையைத் தூக்கவும் தெம்பு இராது. அப்போது என்ன செய்வது? தோட்டக்காரன் தன் வேலையைச் செய்யட்டும், தண்ணீர் இல்லாமலேயே செடிகளைக் காக்க ஆண்டவருக்குத் தெரியும் என்பது தெரேசாவின் பதில். தோட்டம் நம்முடையதல்ல, அவருடையது. வந்து நின்றோமா என்பதையே அவர் பார்க்கிறார். இதைச் சொல்ல அவருக்குத் தகுதி உண்டு. ஆண்டுக்கணக்கில் வெறும் வாளியை மேலே இழுத்தவர் அவர்.

சிறு வயதில் அவர் வீட்டில் ஒரு படம் இருந்தது. கிணற்றருகே இயேசுவிடம் சமாரியப் பெண் தண்ணீர் கேட்கும் படம். பொருள் முழுவதும் புரியாத வயதிலேயே, ஆண்டவரே எனக்கும் அந்தத் தண்ணீரைத் தாரும் என்று அவர் கேட்டுவந்தார். அந்த வேண்டுதல் கேட்கப்படச் சுமார் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நமக்கு வேண்டியது

இனியவர்களே, தெரேசாவின் வாழ்வில் ஆபத்து எங்கே இருந்தது என்று பாருங்கள். வறட்சி அவரைக் கெடுக்கவில்லை. நோய் கெடுக்கவில்லை. தவறி விழுந்ததுகூட அவரைக் கெடுத்துவிடவில்லை. நான் தகுதியற்றவள், ஆகவே செபிக்கமாட்டேன் என்று ஒதுங்கிய அந்த ஓராண்டையே தம் வாழ்வின் மிகப் பெரிய சோதனையாக அவர் கருதினார். தாழ்ச்சிபோல வேடம் போட்டு வந்ததால் அது அவரை ஏமாற்றியது. நோயாளி, நான் நோயாளியாக இருக்கிறேன், ஆகவே மருத்துவரிடம் போகமாட்டேன் என்று சொல்வதைப் போன்றதே அது.

ஆகவே செபத்தில் இனிமை வந்தால் நன்றி சொல்வோம். அதை நம் புண்ணியம் என்று எண்ணாதிருப்போம். இனிமை போனால், கடவுள் போய்விட்டார் என்று முடிவு கட்டாதிருப்போம். நேரத்தைக் குறித்துக்கொண்டு அந்த நேரத்தில் போய் அமர்வோம். ஒன்றும் ஓடாவிட்டால் ஒரு நல்ல நூலைத் திறப்போம், அல்லது பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்போம். அதுவும் முடியாத நாளில் ஒரு நோயாளிக்குக் கஞ்சி கொடுப்போம், அடுப்படி வேலையை அன்போடு செய்வோம். பானை சட்டிகளின் நடுவிலும் ஆண்டவர் இருக்கிறார் என்று தம் சகோதரிகளுக்குச் சொன்னவர் தெரேசா. தனியாகப் போராடாமல், நம் நிலையை ஒரு குருவிடமோ, செபிக்கும் நண்பரிடமோ மறைக்காமல் சொல்வோம். தந்தையிடம் சாக்குச் சொன்ன நாட்களில் தெரேசா தேறவில்லை. குருவிடம் உண்மையைச் சொன்ன நாளில்தான் தேறினார். நாம் விழுந்திருந்தால், விழுந்த நிலையிலேயே அவரிடம் வருவோம். எழுந்து, துடைத்துக்கொண்டு, தகுதியாகி வருகிறேன் என்று தள்ளிப்போட்டால் அந்த நாள் வரவே வராது.

செபிப்போம்: அன்பின் ஆண்டவரே, எங்கள் செபம் பலநாள் வறண்டு கிடக்கிறது. சொற்கள் இருக்கின்றன, மனம் இல்லை. உம் முன் வர எங்களுக்கு வெட்கமாகவும் இருக்கிறது. ஆயினும் இதோ வந்திருக்கிறோம். வெறும் வாளியோடு நிற்கும் எங்களைத் தள்ளிவிடாதேயும். நீர் தண்ணீர் தரும் நாளிலும் தராத நாளிலும் கிணற்றடியை விட்டு அகலாத உள்ளத்தை, புனித அவிலா தெரேசாவின் பரிந்துரையால் எங்களுக்குத் தாரும். ஆமென்.